பால் பொங்குவதற்குள்

அசையாதே என்றால் பூனைக்குப் புரியாது. எனக்கே புரிந்ததில்லை. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொன்னார்கள், அசையாதே, பேசாதே, கேட்டால் மட்டும் பதில் சொல். மார்ச் மாதம் கடைசிப் பரீட்சைக்கு மணி அடித்ததும் நான் எழுந்த வேகத்தில் பெஞ்சு கவிழ்ந்தது. இப்போது மறுபடியும் அதே பாடம். மணி மூணு அம்பது. கோயம்புத்தூரில், சிங்காநல்லூர்ப் பக்கம், மூணு மாடி அப்பார்ட்மென்ட் ஒன்றின் அடியில், வண்டி நிறுத்துகிற இடத்தில், யாருடையதென்று தெரியாத ஸ்கூட்டருக்கும் செயின் கழன்ற சைக்கிளுக்கும் நடுவே கவிழ்ந்து கிடந்த சிமென்ட் தொட்டி மேல் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் இரண்டு பிளாஸ்டிக் கூடைகள், வாயோடு வாய் வைத்து நைலான் கயிற்றால் கட்டியது. மேலே அம்மாவின் மஞ்சள் துண்டு. உள்ளே பார்சல். பார்சல் எங்கள் பூனை. மூணரை கிலோ இருக்கும், இடது காதில் நுனி கிடையாது, காலையிலிருந்து சாப்பிடவில்லை. இரண்டாவது மாடியில் காலி வீட்டுச் சமையல் மேடையை அம்மா தேய்க்கிற சத்தம் இங்கே வரை வருகிறது, கறக் கறக் என்று, கோபமாய்த் தேய்க்கிறாள். புரோக்கர் ரங்கண்ணன் பால் பாக்கெட் வாங்கப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பால் பொங்கிவிட்டால் வீடு எங்களுக்கு. பொங்குவதற்கு முன்னால் இந்தக் கூடைக்குள்ளிருந்து ஒரே ஒரு சத்தம் வந்தால் வீடு போச்சு, பார்சலும் போச்சு. அவ்வளவுதான் கணக்கு. நாற்பது நிமிஷம். ஒரு பீரியட்.

நாளைக்கு ஆடி ஒன்று. இது எனக்கு ஒரு வாரம் முன்னால் வரை ஒரு விஷயமே இல்லை. ஆடி என்றால் துணிக்கடை விளம்பரம், அம்மன் கோயில் மைக், அவ்வளவு. இந்த ஊருக்கு வந்த பிறகுதான் ஆடி என்பது ஒரு கதவு என்று தெரிகிறது. இன்றைக்குப் பால் காய்ச்சவில்லை என்றால் இனி ஒரு மாதத்துக்கு யாரும் குடி வரவிட மாட்டார்கள். ஆவணியில் வாங்க என்பார்கள். ஆவணி வரைக்கும் எங்கே இருப்பது, லாட்ஜில் இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், பார்சல் ஜன்னல் திரையில் ஏறி உட்கார்ந்திருந்ததை மேனேஜர் பார்த்துவிட்டார். வீடு கிடைக்காவிட்டால் நானும் அம்மாவும் லேடீஸ் ஹாஸ்டல், பார்சல் நாளைக் காலை பஸ்ஸில் கோவில்பட்டிக்கு, சித்தி வீட்டுக்கு. சித்தி வீட்டில் ஒரு நாய், டைகர், இருக்கிறான். போன தீபாவளிக்கு டைகர் ஒரு பூனையைப் பிடித்ததைச் சித்தப்பா மொபைலில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார், கீழே கைதட்டுகிற எமோஜிக் கை மூணு. அந்த மூணு கையை நான் மறக்கவில்லை. அதனால்தான் அம்மாவின் திட்டத்துக்கு ஒத்துக்கொண்டேன். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் காதில் சொன்னாள். "ஏட்டி வடிவு, கேளு. பால் பொங்கிருச்சுன்னா அதுக்கு அப்புறம் ஒருத்தரும் நம்மள எறக்கி விட மாட்டாக. பால் பொங்கின வீட்டுல இருந்து ஆடியில ஆளை அனுப்பினா அந்த வீட்டுக்கே ஆகாதும்பாக. அதுவரைக்கும் நீ கீழ இரு. வாயத் தொறக்காத. என்னா?" நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவது பொய்யில் சேருமா என்று அப்போதிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பார்சலைக் கொண்டுவந்ததே அம்மாதான். அதை அவள் இப்போது மறந்த மாதிரி இருக்கிறாள். அம்மாவுக்குத் தபால் பிரிக்கிற வேலை. சாக்கு சாக்காக வரும், அறை அறையாய்த் தடுத்த பெரிய அலமாரி முன்னால் நின்றுகொண்டு ஊர் பார்த்து எறிய வேண்டும். நான் சின்னதில் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன், பார்க்காமலே எறிவாள், கவர் தானாகப் போய் அதன் ஊருக்குள் உட்காரும். மூணு வருஷம் முன்னால் ஒரு சாக்கை அவிழ்த்தபோது உள்ளே தபால் நடுவில் ஒரு குட்டி. எந்த ஊரில் ஏறியது என்று தெரியாது, எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று தெரியாது. அம்மா டிபன் கேரியர் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, "விலாசம் இல்லாத பார்சல் ஒண்ணு வந்திருக்கு" என்று என் பாயில் விட்டாள். அன்றைக்கு அம்மா சிரித்தாள். இப்போது அம்மாவுக்கே மாற்றல். பின்கோடு 628-லிருந்து 641-க்கு. நாளைக் காலை எட்டு மணிக்கு இந்த ஊர்த் தபால் ஆபீஸில் போய் நின்று எல்லோருடைய விலாசத்தையும் எறியப் போகிறாள், அவளுக்கென்று ஒரு விலாசம் கிடையாது. இதைச் சொன்னேன். "அறிவாளி" என்றாள். எதிர்ச் சுவரில் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன, ஒன்பது. எட்டில் பெயர். அஞ்சாம் நம்பரில் பெயரைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், கால் எழுத்து மட்டும் மிச்சம், அதுதான் எங்கள் வீடு, அதாவது ஆகலாம். அதில் ஒரு கவர் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்சள் மூலை. யாருக்கு? போனவர்கள் எங்கே போனார்கள்? கல்யாணத்துக்குப் போகாமலே விட்டுவிடுவார்களா? எழுந்து போய்ப் பார்க்கலாம், வெளியே எழுதியிருப்பதைப் படிப்பது தப்பில்லை, உள்ளே இருப்பதைப் படித்தால்தான் தப்பு என்று அம்மா சொல்வாள். ஆனால் எழுந்தால் கூடை ஆடும். கூடை ஆடினால் பார்சல் கத்தும். அசையாதே வடிவு.

இந்த ஊரில் 'இல்லை' என்று யாரும் சொல்வதில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு வீடு ஆனது. வெள்ளிக்கிழமை முதல் வீடு. மாடியில் தனி போர்ஷன், வெளியே செம்பருத்தி, வீட்டுக்காரர் வெள்ளை பனியனில் நின்று, "வாங்க, வாங்க, தண்ணி குடிங்க, சிறுவாணித் தண்ணிங்க" என்று ஆளுக்கொரு சொம்பு கொடுத்தார். நிஜமாகவே இனித்தது, கோவில்பட்டியில் நாங்கள் குடித்ததெல்லாம் தண்ணீரே இல்லையோ என்று தோன்றியது. வீட்டில் எத்தனை பேருங்க என்றார். இரண்டு என்றாள் அம்மா. நான், "பூனையும் இருக்கு" என்றேன். கேட்டார், சொன்னேன். அவர் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. சிரித்துக்கொண்டே, "அப்படீங்களா, சரீங்க, சம்சாரத்துகிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க" என்றார். தெருமுனை வரை வந்து வழிகாட்டினார். நான் சந்தோஷமாக, "நல்ல மனுஷன், நாளைக்குச் சொல்லிருவாரும்மா" என்றேன். ரங்கண்ணன் வண்டியை உதைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "கண்ணு, சொல்றேன்னா இல்லைன்னு அர்த்தஞ் சாமி." இரண்டாவது வீட்டில் அந்த அம்மா இனிப்பு கொடுத்துவிட்டு, "நீங்க எந்தப் பக்கமுங்க?" என்றாள். கோவில்பட்டி என்றோம். "ஊரு சரீங்க, நீங்க என்ன ஆளுங்கன்னு" என்று இழுத்தாள். "தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?" என்று நான் கேட்டேன், அம்மா என் தொடையில் கிள்ளினாள், இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. அங்கே பூனை வரைக்கும் பேச்சே போகவில்லை. மூணாவது நேற்று. சின்ன வயசுப் புருஷன் பெண்டாட்டி, செல்லப் பிராணி இருந்தால் பரவாயில்லை என்று விளம்பரமே போட்டிருந்தார்கள், அவர்களிடம் ஒரு வெள்ளை நாய் இருந்தது, அதற்குச் சட்டை போட்டிருந்தார்கள். "பெர்சியன் கேட்டா?" என்று அந்தப் பெண் ஆசையாகக் கூடையை எட்டிப் பார்த்தாள். பார்சல் தன் நுனியில்லாத காதோடு அவளைப் பார்த்தது. "ஓ" என்றாள். அந்த ஓவுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒன்று, வீடு பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை, அடிப்பாள். முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்து அலமாரியைத் திறந்து பார்க்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அம்மா குழாயைத் திறந்து பார்ப்பாள், ரங்கண்ணன் மின்விசிறியைச் சுற்ற விடுவார், நான் நேராகப் பாத்ரூமுக்குப் போவேன். பாத்ரூம் சுவரில்தான் எல்லாம் இருக்கும். ஒட்டுப்பொட்டு. குளிக்கப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்து டைல்ஸில் ஒட்டிவிட்டு மறந்துபோகிறார்கள். செம்பருத்தி வீட்டில் குழாய்க்குப் பக்கத்தில் பதினேழு மெரூன் பொட்டு, பெரிசு, ஒரே அளவு, வரிசையாக. அதற்குக் கீழே, என் இடுப்பு உயரத்தில், சின்னதாகப் பச்சை, நீலம், நட்சத்திரம். ஒரு அம்மா, ஒரு குட்டிப் பெண். அம்மா போலவே தானும் ஒட்டியிருக்கிறாள். அவர்கள் ஏன் காலி பண்ணினார்கள்? அந்த மெரூன் வரிசையின் கடைசியில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. ஏன் கறுப்புக்கு மாறினாள்? நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், அம்மா வெளியே கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கதவு நிலையில் பென்சில் கோடு போட்டுப் பிள்ளைகளின் உயரம் குறித்திருப்பார்கள், ஆணி அடித்த ஓட்டை இருக்கும், காலண்டர் தொங்கின இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருக்கும். எனக்குக் கிடைக்கிறது இவ்வளவுதான், கண்ணுக்குத் தெரிகிறது மட்டும். பார்சலுக்கு மூக்கு இருக்கிறது. இந்தத் துண்டுக்குள்ளிருந்தே அது இந்நேரம் எல்லாம் படித்திருக்கும், இந்த ஸ்கூட்டர்க்காரர் நாய் வளர்க்கிறாரா, மேலே யார் மீன் பொரித்தார்கள், அஞ்சாம் நம்பரில் இருந்தவர்கள் அழுதார்களா சிரித்தார்களா. அழுகைக்கு வாசனை உண்டா? உண்டென்றால் எங்கள் பழைய வீட்டு அடுக்களை பூராவும் அந்த வாசனைதான் இருக்கும், அடுத்து வந்தவர்கள் பெயின்ட் அடித்தாலும் போகாது. பூனைக்கு அந்த வீடு ஞாபகம் இருக்கிறதா? எதிர்வீட்டுப் பாக்கியத்தாச்சி வண்டி கிளம்பும்போது சொன்னது ஞாபகம் வருகிறது. "எதுக்கு இத இழுத்துட்டு அலையுத? பூனை வீட்டைத்தான் நம்பும், ஆளை நம்பாது. புது ஊருல தொறந்து விட்ட அன்னைக்கே ஓடிரும்." சாதாரணமாகத்தான் சொன்னாள், வெற்றிலை மென்றுகொண்டே. அந்த வார்த்தை முந்நூறு கிலோமீட்டர் என் கூடவே வந்துவிட்டது. ஓடிரும். அப்படியென்றால் இந்த மூணு வருஷம் அது என் பாயில் படுத்தது பாய் அந்த வீட்டில் இருந்ததால்தானா? நான் என்பது அந்த வீட்டில் இருந்த ஒரு சாமானா, அலமாரி மாதிரி, அம்மி மாதிரி? துண்டுக்கு அடியில் விரலை விட்டேன். கூடை ஓட்டை வழியாக ஈர மூக்கு தொட்டது, எடுத்துக்கொண்டது. அது பதிலா என்று தெரியவில்லை.

மணி நாலு அஞ்சு. காற்று அடிக்கிறது, இந்த ஊர்க் காற்றில் யாரோ தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கிறது, மலையிலிருந்து வருவதாம். ரங்கண்ணன் பாலோடு வந்துவிட்டார். என்னைத் தாண்டும்போது ஒரு கும்பிடு போட்டார். "சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும், இந்த ஒரு தடவை பேசாம இரு" என்று படி ஏறினார். எல்லோரும் என் வாயைத்தான் பார்க்கிறார்கள். கூடையைக்கூட அல்ல. நேற்று இந்த வீட்டைப் பேசும்போது வீட்டுக்கார அம்மா, தெய்வானை என்று பெயர், முதல் மாடியில் இருக்கிறார், அம்மாவிடம் மூணு கேள்வி கேட்டாராம். சார் எங்கீங்க? வெளியூர்ல வேலை. பொண்ணு என்ன பண்றாங்க? காலேஜ் சேரப் போறா. நாய், பூனை ஏதாச்சுமுங்க? ஐயோ, அதெல்லாம் இல்ல. லாட்ஜுக்கு வந்து எனக்குச் சொன்னாள், நான் உளறிவிடக் கூடாது என்பதற்காக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி. மூணுக்கு மூணும் பொய். அப்பா சாத்தூரில் வேறு வீட்டில் இருக்கிறார், வேறு வீடு என்றால் வேறு வீடுதான், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் காலேஜ் சேரப் போவதில்லை. அறுநூறுக்கு முந்நூற்றுப் பதினாலு. அடுத்து என்ன என்று கேட்கிறவர்களிடம் தெரியாது என்று சொல்கிறேன், அதுதான் உண்மை, எனக்கு அது அவமானமாகவே இல்லை, அம்மாவுக்குத்தான். ஒரு துண்டு பார்சலுக்கு, ஒரு துண்டு எனக்கு. மூடி மூடி வைக்கிறாள். அதைச் சொன்னபோது அம்மா, "நெசத்தச் சொல்லி ஒரு வீடு வாங்கிக் காட்டு, பாப்போம்" என்றாள். வெள்ளி, சனி, மூணு வீடு. என் நிஜத்துக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. அவள் பொய்க்கு ஒன்று திறந்திருக்கிறது. இதை யோசித்தால் எங்கேயோ மாட்டிக்கொள்கிறது, சைக்கிள் செயின் மாதிரி, அதற்கு அப்புறம் சுற்ற மாட்டேன் என்கிறது.

படியில் செருப்புச் சத்தம். தெய்வானை அம்மாதான். அம்பத்தஞ்சு இருக்கும், இடுப்பில் சாவிக் கொத்து, கையில் ஒரு நூல்கண்டு. காம்பவுண்டு ஓரத்து மாமரத்தில் கொத்தாக இலை ஒடித்தார், நிலைக்குத் தோரணம் கட்டுவதற்கு. திரும்பும்போது என்னைப் பார்த்தார். "ஏனுங்க கண்ணு, இங்க ஏன் உக்காந்திருக்கீங்க? மேல வர்றதுதானுங்க?" என்னைவிட நாற்பது வயசு மூத்தவர் என்னை வாங்க போங்க என்கிறார், அவரிடம் எப்படிப் பொய் சொல்வது. "மடியில என்னங்க கண்ணு, கூடை?" நான் வாயைத் திறந்தேன். பூனை என்று சொல்லத்தான் திறந்தேன், சத்தியமாக. அதற்குள் மேலே பால்கனியிலிருந்து அம்மாவின் குரல், நெஞ்சு பதறி, சத்தமாய் வந்தது. "சாமி படம்! சாமி படம்! வேற ஒண்ணுமில்ல!" நான் அண்ணாந்து பார்த்தேன். கையில் தேங்காய் நாரோடு அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கெட்டிக்காரத்தனமாகத்தான் சொன்னாள், சாமி படம் என்றால் யாரும் அவிழ்த்துப் பார்க்க மாட்டார்கள். ஆனால் குடி போகிற வீட்டுக்குள் முதலில் எது போக வேண்டும் என்பதை அவள் அந்த நிமிஷம் மறந்துவிட்டாள். தெய்வானை அம்மா பதறிப்போனார். "என்னங்க கண்ணு இது, சாமியக் கொண்டாந்து வண்டி நிறுத்தற எடத்துல வெச்சுட்டு உக்காந்திருக்கீங்க! அதுதானுங்க மொதல்ல ஊட்டுக்குள்ள போவோணும்! குடுங்க, குடுங்க." மாவிலையை என் கையில் திணித்தார், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், கூடையை இரண்டு கையாலும் ஏந்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. சும்மா நின்றேன். மேலே அம்மா பால்கனியில் சிலை மாதிரி நிற்பது தெரிந்தது.

ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி. நான் பின்னால் ஏறுகிறேன், மாவிலைக் கொத்தைப் பிடித்துக்கொண்டு. வெறுங்காலோடு அவர் ஏறுவது மெதுவாக இருக்கிறது. "சாமி படம் இத்தனை கனமுங்களா?" என்றார் ஏழாவது படியில். "கண்ணாடி போட்டிருப்பீங்க" என்று அவரே சொல்லிக்கொண்டார். முதல் மாடித் திருப்பத்தில் உள்ளே பார்சல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் நகர்ந்தது, கூடை சாய்ந்தது, என் உயிரும் சாய்ந்தது. "என்னமோ உருளுதுங்களே. தேங்காயுங்களா?" கேட்கிறவரும் அவரே, பதிலும் அவரே. கத்தாதே பார்சல். கத்தினால் டைகர். மூணு கை. ஆனால் பார்சல் கத்தவில்லை. அதற்குப் பதிலாக, பயந்தால் சில சமயம் அது செய்யுமே, அந்தக் குர்ர்ர் ஆரம்பித்தது, தையல் மெஷின் தூரத்தில் ஓடுகிற மாதிரி, எனக்குப் பழகின சத்தம், கேட்டது, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவருக்குக் கேட்டிருக்காது, கையில் மட்டும் தெரிந்திருக்கும். இருபத்தஞ்சாவது படியில் நின்றுவிட்டார். முகம் ஒரு மாதிரி ஆனது. குனிந்து தன் கைகளைப் பார்த்தார். "கை நடுங்குதுங்க கண்ணு" என்றார், குரல் இறங்கி, என்னிடம் இல்லை, தனக்கே சொல்வது மாதிரி. "எங்கம்மாளுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒரு டம்ளர் புடிக்க முடியாமப் போச்சு கடைசில." அதுவரைக்கும் என் பயம் என் பயமாக மட்டும் இருந்தது. எங்கள் பொய் இப்போது அவர் கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அவரைப் பயமுறுத்துகிறது. சொல்லிவிடட்டுமா? இன்னும் பதினோரு படி. சொல்லிவிட்டால் வீடு போகும். சொல்லாவிட்டால் இந்த அம்மா இன்றைக்கு ராத்திரி தூங்குவாரா? நான் சொல்லவில்லை. பதினோரு படியும் ஏறினேன். அதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அதுவும் நிஜம்.

வீடு வெறுமையாக, சுண்ணாம்பு வாசனையோடு இருந்தது. வாசலில் ஈரக் கோலம். "வலது காலு, வலது காலு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு தெய்வானை அம்மா கூடையோடு முதலில் நுழைந்தார், வடகிழக்கு மூலையில் போட்டிருந்த பலகை மேல் வைத்தார், இரண்டு கையையும் உதறிவிட்டுக்கொண்டார், கும்பிட்டார். ரங்கண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது, இருமலா சிரிப்பா தெரியவில்லை. அம்மாவின் முகம் மஞ்சள் தேய்த்த மாதிரி. சமையலறை மேடையில் தெய்வானை அம்மா வீட்டு அடுப்பு, அதன் மேல் புதுப் பித்தளைப் பாத்திரம், பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சள் கிழங்கு கட்டியிருந்தது. பால் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தது, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி. நாலு இருபத்திரண்டு. தெய்வானை அம்மா அடுப்பின் திருகில் ஒரு கை வைத்துக்கொண்டு நின்றார். பொங்கி வழிந்ததும் அணைக்க வேண்டும், அதுவும் வீட்டுக்காரர் கையால். குங்குமச் சிமிழை எடுத்தார். "படத்துக்கு வெக்கோணும். அதுக்கு மின்னால, ஊட்டாளுங்க எல்லாரும் இருக்கோணுமுங்க, பால் பொங்கறப்ப. எல்லாரும் வந்தாச்சுங்களா?" "ரெண்டு பேருதான, வந்தாச்சு" என்றாள் அம்மா. வேகமாக. பாலின் மேல் ஆடை மெல்ல எழும்பியது. இன்னும் ஒரு நிமிஷம் இருக்குமா. ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டால் ஒரு மாதம். அப்புறம் அவர் துண்டை எடுப்பார், பார்ப்பார், ஒன்றும் சொல்ல முடியாது, மாட்டிக்கொள்வார். அதுதானே திட்டம். ஆனால் என் கண் அவர் கைகளிலேயே இருந்தது, திருகின் மேல் வைத்திருந்த விரல்களை அவர் நடுவில் ஒருமுறை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"மூணு பேரு" என்றேன். அம்மா உடனே, "அவுக அப்பாவச் சொல்லுதா, அவரு வெளியூர்ல" என்றாள். "அப்பா இல்ல. அப்பா சாத்தூர்ல வேற வீட்ல இருக்காரு. நான் காலேஜ்லயும் சேரல. இது." போய்த் துண்டை இழுத்தேன். நைலான் முடிச்சு நகத்தில் வலித்தது, அவிழ்ந்தது, மேல்கூடை சாய்ந்தது. நுனியில்லாத காது முதலில் வந்தது, அப்புறம் முகம். பலகையின் மேல், விளக்குக்கு முன்னால், பார்சல் உட்கார்ந்தபடியே எல்லோரையும் பார்த்தது. குர்ர்ர் இன்னும் நிற்கவில்லை. அந்த வெற்று வீட்டில் இப்போது எல்லோருக்கும் கேட்டது. "உங்க கை நடுங்கலைங்க" என்றேன். "இதுதான் நடுங்கிச்சு. பயந்தா இப்படிப் பண்ணும். பொங்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன், நீங்க அணைக்கணும்னா அணைச்சிருங்க." அம்மா, "ஏட்டீ" என்றாள். தெய்வானை அம்மா பூனையைப் பார்த்தார். காதைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். அப்புறம் திருகிலிருந்து கையை எடுத்தார், இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் நீட்டி, விரலை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஆடவில்லை. "அப்ப நடுங்குனது என்ற கை இல்லீங்களா?" என்றார். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அடுப்பில் பால் எழுந்தது, கழுத்து வரை வந்தது, மஞ்சள் கிழங்கைத் தாண்டியது, நாங்கள் மூணு பேரும் பார்த்துக்கொண்டே இருக்க வழிந்து நெருப்பில் விழுந்து சீறியது. கருகின பால் வாசனை வீடு பூராவும். அணைக்க யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் ரங்கண்ணன்தான், "கெழக்க பொங்கிருச்சுங்க, கெழக்க! ரொம்ப நல்லதுங்க!" என்று கத்தினார்.

அடுப்பை அணைத்துவிட்டுத் தெய்வானை அம்மா எங்கள் அம்மாவிடம் திரும்பினார். "சாமி படம்னீங்க." "ஆமாங்க" என்றாள் அம்மா. கோவில்பட்டி செல்லக்கனி என்கிற என் அம்மா வாயிலிருந்து முதல் தடவையாக அந்த ங்க வந்ததை நான் கேட்டேன். "சாரு வெளியூர்னீங்க." "ஆமாங்க." அம்மா தரையைப் பார்த்தாள். பார்சல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அப்புறம் தெய்வானை அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்தினார். "நானே செருப்பக் கழட்டிப்போட்டு, ரெண்டு கையில ஏந்திக் கொண்டாந்து, சாமி மூலையில வெச்சுக் கும்பிட்டும் போட்டனே. இனி யாருகிட்டப் போய் நாயஞ் சொல்றது." பாலைக் கரண்டியால் கலக்கினார். "ஆடி போகட்டுமுங்க. ஆவணில பாக்கலாமுங்க." பாக்கலாமுங்க. நான் ரங்கண்ணனைப் பார்த்தேன். சொல்றேனுங்கவுக்கு அவர்தான் எனக்கு அர்த்தம் சொன்னார், இதற்கும் சொல்லட்டும். அவர் உதட்டைப் பிதுக்கினார், தெரியாது என்று. எனக்கு அந்தத் தெரியாது பிடித்திருந்தது. முப்பத்தோரு நாள் இருக்கிறது கண்டுபிடிக்க. தெய்வானை அம்மா டம்ளர்களில் பால் ஊற்றினார், சாமிக்கு, அம்மாவுக்கு, எனக்கு, ரங்கண்ணனுக்கு, அப்புறம் ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றி ஊதி ஆறவைத்து மூலைக்கு நகர்த்தினார். எல்லாரும் குடிக்கோணுமில்லீங்க, என்று. அம்மா என்னைப் பார்த்தாள், இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாயோ என்கிற பார்வை. எனக்கு வேறு வழி இல்லை. "அது பால் குடிக்காதுங்க" என்றேன். "பின்ன என்னங்க கண்ணு திங்கும்?" "கருவாடு." அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தெய்வானை அம்மா கரண்டியைப் பிடித்தபடி யோசித்தார். "சனிக்கெழம மட்டும் வேண்டாமுங்க" என்றார்.

அவர்கள் வாசலில் தோரணம் கட்டப் போனார்கள். நான் தரையில் உட்கார்ந்தேன். வாசல் கதவு திறந்துதான் இருந்தது, படி தெரிந்தது, படிக்குக் கீழே ஊர். சாத்தலாம் என்று கை போனது, சாத்தவில்லை. ஓடுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பார்சல் பலகையிலிருந்து இறங்கியது. சுவரை முகர்ந்தது, ரொம்ப நேரம், ஒரே இடத்தை, யார் அங்கே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்களோ. இரண்டடி போனது. நின்று திரும்பி என்னைப் பார்த்தது. மறுபடி இரண்டடி. மறுபடி பார்த்தது. கதவு வரை போய், வெளியே மூக்கை நீட்டிக் காற்றைப் படித்துவிட்டு, அங்கிருந்தும் திரும்பிப் பார்த்தது. நான் அசையவில்லை.